மலையேறும் லொறியின் மூச்சு

இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எடுத்துரைக்கும் நூல்கள் பல. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டதும், 1869 முதல் இலைநோய் பரவிக் கோப்பிச் செடிகளை அழித்ததும், 1873ஆம் ஆண்டில் 23 இறாத்தல் தேயிலை இலண்டன் மாநகருக்குச் சென்றதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகளாம். ஆனால், மலையிலே விளைந்த பொருளைத் துறைமுகம்வரை கொண்டு சேர்த்தவை எவை, அவை எங்ஙனம் மலையேறின, அவற்றைப் பேணியவர் யாவர் என்னும் கேள்விகளுக்கு அந்நூல்கள் அத்துணை விரிவாக விடை கூறுவதில்லை.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. பெரிய தேரின் ஓட்டம் சிறிய ஆணியொன்றில் தங்கியிருக்கிறது. மலைநாட்டின் சுமையைத் தாங்கிவரும் டீசல் லொறிக்கும் அத்தகைய ஓர் அச்சாணி உண்டு. அது சக்கரத்தில் இல்லை. எஞ்சினின் மூக்கிலே இருக்கிறது. காற்று வடிகட்டி என்று எழுத்திலும், எயார் பில்டர் என்று பேச்சிலும் வழங்கும் அந்தச் சிறு பொருளின் கதை, மலைநாட்டுப் பாதைகளின் கதையோடு பின்னிக் கிடப்பது. நேயர்கள் அக்கதையை முதலிலிருந்து கேட்டல் நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டிக்கு அப்பாலுள்ள மலைகளுக்கு வண்டிப் பாதை கிடையாது. பொதி மாடுகளே சரக்கை ஏற்றி இறக்கின. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸின் முயற்சியால் 1820களில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை அமைந்தது. தோமஸ் ஸ்கின்னர் என்னும் பொறியியலாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாதை வெட்டுவதிலே செலவிட்டார். கோப்பிப் பயிர் பெருகியபோது இரட்டை மாட்டு வண்டிகள் மலைச்சரிவுகளிலே வரிசையாக ஊர்ந்தன. கண்டியிலிருந்து கொழும்புக்கு 72 மைல். மாடுகள் நோயுற்று விழுந்தால் மூட்டைகள் வழியிலே கிடக்கும்; மழை வலுத்தால் சக்கரம் சேற்றில் புதையும். தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்துவந்த தொழிலாளரோ, தம் மூட்டையைத் தம் தலையிலேயே சுமந்தனர். அந்த நடையில் இறந்தோர் பலர். மனிதனின் மூச்சும் மாட்டின் மூச்சுமே அக்காலத்தில் மலைநாட்டை இயக்கின எனல் மிகையன்று.

மூன்றாவதாக வந்தது நீராவியின் மூச்சு. கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1867ஆம் ஆண்டில் கண்டியை அடைந்தது. 1873இல் கம்பளையையும், 1874இல் நாவலப்பிட்டியையும் எட்டியது. அதன்பின் பத்தாண்டு காலம் அங்கேயே நின்றது. கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்த அந்த இடைக்காலம் கடந்ததும், 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி ஏறியது. பண்டாரவளையை 1894இலும் பதுளையை 1924இலும் அது அடைந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை இரண்டடி ஆறங்குல அகலமுள்ள சிறு இருப்புப்பாதை ஒன்றும் 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 19 மைல் நீளமுள்ள அந்தப் பாதையிலே பொம்மை வண்டி போன்ற சிறு எஞ்சின்கள், வளைவுக்கு வளைவு பெருமூச்செறிந்து, தேயிலைப் பெட்டிகளை இறக்கின; அரிசியையும் உரத்தையும் ஏற்றின.

ஆயினும், புகைவண்டி நிலையத்தோடு தோட்டத்தின் தேவை முடிந்துவிடுவதில்லை. ஒரு கிலோ தேயிலைத் தூள் செய்வதற்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அவ்வளவு கொழுந்தும் பறித்த மலையிலிருந்து, தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று அழைக்கும் தொழிற்சாலைக்கு அன்றன்றே வந்து சேரவேண்டும். சாக்கில் அடைத்த கொழுந்து நெடுநேரம் கிடந்தால் கசங்கிச் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்து நல்ல தேயிலையாவதில்லை. எனவே கொழுந்தைத் தலைச்சுமையாகவும், மாட்டு வண்டியிலும், மலைமுகட்டிலிருந்து பள்ளத்துக்குக் கட்டிய கம்பிகளிலே தொங்கவிட்டும் இறக்கினார்கள். இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே மோட்டார் லொறி.

முதலில் வந்தவை பெற்றோல் லொறிகள். முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அவை பெருகின. தோட்டத்து வாசலிலே ஏற்றிய பெட்டியை இடையில் மாற்றாமல் கொழும்பிலே இறக்கலாம் என்னும் வசதி ஒன்றே வணிகரைக் கவரப் போதுமானதாயிருந்தது. இராகலைச் சிறு இருப்புப்பாதை அந்தப் போட்டியைத் தாங்கமாட்டாமல் 1940களிலே மூடப்பட்டது. தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. நாற்பது ஆண்டுக்குள் ஓர் இருப்புப்பாதை பிறந்து, உழைத்து, மறைந்துபோனது.

டீசல் எஞ்சினின் வரலாறு இதற்கு இணையாக ஐரோப்பாவிலே நடந்துகொண்டிருந்தது. ருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897ஆம் ஆண்டில் ஓக்ஸ்பேர்க் நகரிலே தம் எஞ்சினை வெற்றியோடு இயக்கிக் காட்டினார். பெற்றோல் எஞ்சினிலே தீப்பொறி எரிபொருளைக் கொளுத்தும். டீசல் எஞ்சினிலோ தீப்பொறி கிடையாது. காற்றை வன்மையாக அழுத்தினால் அது கொதிக்கும் சூட்டை அடையும். அந்தச் சூட்டிலே தெளிக்கப்பட்ட எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். குறைந்த எண்ணெயில் மிகுந்த வேலை செய்வது இதன் சிறப்பு. முதலில் தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலும் இடம்பிடித்த இந்த எஞ்சின், 1920களின் நடுப்பகுதியில் லொறியிலும் ஏறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானிய நிறுவனங்களின் டீசல் லொறிகள் இலங்கைப் பாதைகளிலே பரவலாயின. இருப்புப்பாதையும் பின்தங்கவில்லை. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் 1954 முதல் மலையகப் பாதையில் ஏறத் தொடங்கின.

இங்ஙனம் டீசலின் மூச்சு மலைநாட்டின் மூச்சாயிற்று. ஆனால் அந்த மூச்சு எளிதானதன்று. ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிவதற்குக் கடல்மட்டத்திலே ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று வேண்டும். நடைமுறையிலே எஞ்சின் உள்ளிழுப்பது அதனினும் மிகுதி. ஏற்றுகிற சுமையும் ஊற்றுகிற எண்ணெயும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இழுக்கிற காற்றை எண்ணிப் பார்ப்போர் அரியர்.

மலையேற ஏறக் காற்று மெலியும் என்பது மற்றொன்று. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே ஒரு கொள்கலத்துள் அடங்கும் காற்றின் நிறை, கொழும்பிலே அதே கொள்கலத்துள் அடங்கும் காற்றின் நிறையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே, காற்றழுத்தி இல்லாத பழைய டீசல் லொறி ஹட்டனைத் தாண்டித் தலவாக்கலை, நானுஓயா வழியே ஏறும்போது, சுமை குறையாதிருக்க மூச்சு மட்டும் குறைகிறது. அத்தகைய வேளையில் வடிகட்டியும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? எண்ணெய் முற்றாக எரியாது. பின்குழாய் கரும்புகை கக்கும். ஏற்றத்தில் வேகம் தளரும். சாரதி மேலும் மேலும் எண்ணெயை மிதிப்பார். செலவு கூடுமேயன்றி வலு கூடாது.

அப்படியானால் வடிகட்டியை எடுத்தெறிந்துவிட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சுவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. மூச்சுவிடும், ஆனால் நெடுநாள் வாழாது. மலைநாட்டு மண்ணிலே பளிங்குக்கல் துகள்கள் கலந்திருக்கின்றன. அவை இரும்பினும் கடியவை. கண்ணுக்குத் தெரியாத அத்தூசி காற்றோடு உட்சென்றால் சிலிண்டரின் சுவரையும் பிஸ்டனின் வளையங்களையும் அரத்தால் தேய்த்தாற்போலத் தேய்த்துவிடும். தை, மாசி மாதங்களிலே வெயில் காயும்போது தோட்டத்துக் கப்பிப் பாதைகளில் எழும் புழுதியைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்த உண்மையை உலகம் பட்டுத்தான் அறிந்தது. தொடக்க கால எஞ்சின்கள் பலவற்றுக்கு வடிகட்டியே கிடையாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, உழவு இயந்திரங்கள் புழுதியால் விரைவில் தேய்ந்து கெடுவதைக் கண்ட பிராங்க் டொனால்ட்சன் என்பார், 1915ஆம் ஆண்டில் உழவு இயந்திரத்துக்கெனக் காற்றைத் தூய்மை செய்யும் கருவியொன்றை அமைத்தார். அதன்பின் எண்ணெய்த் தொட்டி வடிகட்டி பரவலாயிற்று. உள்ளே வரும் காற்று முதலில் கீழ்நோக்கிச் சென்று, தொட்டியிலுள்ள எண்ணெய்மேல் மோதி, சட்டென மேல்நோக்கித் திரும்பும். திரும்ப இயலாத கனத்த தூசி எண்ணெயிலே வீழ்ந்து சேறாகும். எஞ்சிய தூசி மேலுள்ள கம்பி வலையில் ஒட்டிக்கொள்ளும். தோட்டங்களிலே ஓடிய பழைய லொறிகள் பலவற்றின் மூக்கு இதுவே.

எண்ணெய்த் தொட்டிக்கு ஒரு நற்குணமும் ஒரு தீக்குணமும் உண்டு. கடையிலே புதிதாக வாங்க வேண்டுவதில்லை. சேற்றை வழித்தெறிந்து, தொட்டியைக் கழுவி, குறித்த அளவுக்குப் புது எண்ணெய் வார்த்தால் போதும். ஆனால் அளவுக்கு மிஞ்சி வார்த்துவிட்டால், அந்த எண்ணெயையே காற்று எஞ்சினுக்குள் இழுத்துச் செல்லும். டீசல் எஞ்சினுக்கு எந்த எண்ணெயும் உணவு. அது அடக்குவாரின்றி வேகங்கொண்டு சுழலத் தொடங்கிவிடும். சாவியை மூடினாலும் நில்லாது. காற்றை அடைத்தாலன்றி அடங்காது. கூடுதலாக ஊற்றினால் கூடுதல் நன்மை என்று எண்ணுவோருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

காலப்போக்கிலே எண்ணெய்த் தொட்டியின் இடத்தைக் காகித வடிகட்டி பிடித்தது. பிசின் ஊட்டிய தடித்த காகிதத்தைச் சேலையின் கொசுவம்போல மடித்து, வட்டமாக வளைத்து, இரு முனைகளிலும் இறப்பர் விளிம்பு வைத்த உருளை அது. மடிப்புகள் மிகுதியாதலால் சிறிய கூட்டுக்குள்ளே பெரிய பரப்பு அடங்குகிறது. கனரக வண்டிகளிலே வெளியுருளைக்குள் சிறிய உள்ளுருளை ஒன்றும் இருக்கும். வெளியது கிழிந்தாலும் எஞ்சினைக் காக்கும் காவலாளி அது.

மலைநாட்டிலே இவ்வுருளையைக் கழற்றுவது சில வேளைகளில் பெரும்பாடாகிவிடும். கழற்றிப் பல மாதங்கள் ஆகியிருக்கும். எஞ்சினின் சூட்டில் இறப்பர் விளிம்பு இறுகிக் குழாயோடு ஒட்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழையிலே நீர் புகுந்து, திருகாணியின் புரிகளில் துரு ஏறியிருக்கும். வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை எட்டுவதுண்டு. அந்த ஈரமும் கோடைப் புழுதியும் கூடினால் கூட்டுக்குள்ளே களிமண் பூசியதுபோலாகிவிடும். உருளை அசையாது. பொறுமை இழந்தவர் சுத்தியலை எடுப்பார். அல்லது திருப்புளியை விளிம்பிலே செருகி நெம்புவார். குழாயின் விளிம்பிலே ஒரு கீறல் விழுந்தால் போதும். அதன்பின் எத்தனை புதிய வடிகட்டி மாட்டினாலும் அந்தக் கீறலின் வழியே புழுதி உட்புகும்.

கைதேர்ந்த மெக்கானிக்குகள் இதனைச் செய்யும் முறை வேறு. எஞ்சினை நிறுத்தி ஆறவிடுவார்கள். கூட்டைத் திறக்குமுன்னே அதன் வெளிப்புறத்தைத் துடைப்பார்கள். துருவேறிய திருகாணிக்குச் சிறிது எண்ணெய் விட்டு, அது ஊறும்வரை பொறுப்பார்கள். மூடியைக் கழற்றியபின் உருளையை நேரே இழுக்கமாட்டார்கள். அதன் புறமுனையைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் மெல்ல அசைப்பார்கள். ஒட்டிய விளிம்பு சிறிது சிறிதாக விடுபடும். விடுபட்டது கைக்குத் தெரிந்ததும், திருகியவாறே வெளியே எடுப்பார்கள். எடுக்கும்போது உருளை கூட்டிலே மோதலாகாது. மோதினால் அதன்மீதுள்ள புழுதி எஞ்சினின் வாயிலே கொட்டும். உள்ளுருளை இருப்பின் அதைத் தொடாமலே கூட்டைத் துடைப்பார்கள். இல்லையேல் குழாயின் வாயைத் தூய துணியால் அடைத்துவிட்டே துடைப்பார்கள். பின்னர் விளிம்பு பொருந்தும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்ப்பார்கள். புதிய உருளையை வைக்கும்போது நடுவில் அழுத்தாமல், விளிம்பைச் சுற்றிக் கையால் அழுத்தி அமர்த்துவார்கள். மூடியைத் திருகி அதன் வன்மையால் உருளையை உள்ளே தள்ளுவது தவறு. அடைத்த துணியை மறவாது எடுத்துவிட்டதை உறுதிசெய்த பிறகே எஞ்சினை இயக்குவார்கள். பிடிவாதமான பொருளைப் பலத்தால் வெல்ல முயல்பவர் தோற்பார். அது எங்கே பிடித்திருக்கிறது என்று அறிபவர் வெல்வார்.

உருளையைச் சக்கரத்திலே தட்டித் தூசி உதிர்க்கும் பழக்கமும் கராஜ்களிலே நெடுங்காலமாக உண்டு. இது அறியாமையால் மாத்திரம் வந்த பழக்கமன்று. இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1970 முதல் 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. உதிரிப்பாகங்கள் அரிதாயின. அதே காலத்தில், 1972ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டத்தினாலும் 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலும் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. நிருவாகம் கைமாறியது, ஆனால் கொழுந்து காத்திருக்குமா? அது நாள்தோறும் தளிர்த்தது. லொறியும் நாள்தோறும் ஓடவேண்டியிருந்தது. புதியது கிடையாதபோது பழையதைத் தட்டியும் ஊதியும் மீண்டும் மாட்டுவதன்றி வேறு வழியில்லை. இல்லாமையில் பிறந்த பழக்கம், இருக்கும் காலத்திலும் தொடர்ந்தது.

இப்பழக்கத்தினால் வரும் கேடு யாதெனில், தட்டும்போது காகித மடிப்புகள் நுண்ணியதாக வெடித்துவிடும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, புழுதிக்குத் தெரியும். ஊதித் தூய்மை செய்வதாயின், குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே ஊதவேண்டும். பின்னர் உருளைக்குள்ளே ஒரு விளக்கை வைத்து, ஒளி ஒழுகும் துவாரம் உண்டா என நோக்கவேண்டும். உள்ளுருளையையோ ஊதவும் கூடாது, தட்டவும் கூடாது. உரிய காலத்தில் மாற்றவே வேண்டும். வியப்பான செய்தி ஒன்றுண்டு: சற்றே தூசி படிந்த வடிகட்டி புத்தம்புதியதைக் காட்டிலும் நன்றாக வடிக்கும். படிந்த தூசியே மேலும் ஒரு வலையாகிவிடுவதே காரணம். ஆகையால், நாள்தோறும் திறந்து துடைப்பதும் தவறு. திறக்காமலே விடுவதும் தவறு. அளவறிந்து செய்வதே பேணல்.

1977இல் இறக்குமதி தளர்த்தப்பட்டபின் ஜப்பானிய லொறிகளும், சென்னையில் உருவான அசோக் லேலண்ட் போன்ற இந்திய லொறிகளும் பெருகின. 1982ஆம் ஆண்டில் லங்கா அசோக் லேலண்ட் நிறுவனம் தோன்றியது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இத்தனை மாற்றங்களுக்கும் இடையிலே மாறாதிருந்தது ஒன்று: தோட்டத்து மக்களின் வாழ்வில் லொறி வகித்த இடம்.

கொழுந்தை மாத்திரமா அது சுமந்தது? அரிசி மூட்டையும் மாவு மூட்டையும் அதிலே வந்தன. நள்ளிரவிலே பிரசவ வேதனையுற்ற தாயை டிக்கோயா மருத்துவமனைக்கோ நுவரெலியா மருத்துவமனைக்கோ கொண்டுசெல்ல, பல தோட்டங்களில் கொழுந்து லொறியைத் தவிர வேறு வாகனம் இருந்ததில்லை. அந்த ஏற்றத்திலே எஞ்சின் மூச்சடைத்து நின்றால், நிற்பது லொறி மட்டுமன்று. வடிகட்டி ஒன்றை உரிய நாளில் மாற்றாமை எத்தனை பெரிய பிழையாகக்கூடும் என்பதை இந்த ஒரு காட்சியே உணர்த்தும்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. எண்ணிக்கைகள் தாளிலே எளிதாகப் பிரிந்தன. குடும்பங்கள் எளிதாகப் பிரியவில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தைப் பூட்டி, தகரப் பெட்டியையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு புகைவண்டி நிலையத்துக்குப் புறப்பட்டவர்களைச் சுமந்த வண்டிகளுள்ளே தோட்டத்து லொறியும் ஒன்று. அங்கிருந்து தலைமன்னாருக்குப் புகைவண்டி, அப்பால் கடல். பாட்டனும் பாட்டியும் நடந்து வந்த வழியிலே பேரப்பிள்ளைகள் சக்கரத்தின்மேல் திரும்பிச் சென்றார்கள்.

மூச்சு என்னும் சொல் இங்கே மற்றொரு பொருளையும் நினைவூட்டுகிறது. தேயிலைத் தொழிற்சாலையிலே அரிக்கும்போதும் கலக்கும்போதும் பஞ்சு போன்ற நுண்தூசி எழும். அத்தூசியை எஞ்சின் இழுத்தாலும் தீங்கு; மனிதன் இழுத்தாலும் தீங்கு. இலங்கை மருத்துவரான சி. ஜி. உறகொட அவர்கள் 1970ஆம் ஆண்டில் தேயிலைத் தொழிலோடு தொடர்புடைய ஆஸ்துமா நோய் குறித்தும், 1980ஆம் ஆண்டில் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் குறித்தும் ஆய்வுகளை வெளியிட்டார். உழவு இயந்திரத்தின் மூச்சுக்கு 1915ஆம் ஆண்டிலே வடிகட்டி வந்துவிட்டது. தேயிலைத் தூசியிலே நின்று உழைத்த மனிதரின் மூச்சு மருத்துவ ஆய்வேடுகளில் இடம்பெற அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. எஞ்சின் தேய்ந்தால் கணக்கேட்டிலே நட்டம் விழும். சுவாசப்பை தேய்ந்தால் எந்த ஏட்டிலே எழுதினார்கள்? தோட்டத்தின் வரலாற்றைக் கற்போர் இக்கேள்வியைக் கேளாது கடத்தல் ஆகாது.

பேணும் கலையின் அருமை அண்மைக் காலத்திலும் ஒருமுறை வெளிப்பட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டீசலுக்காக லொறிகள் நாட்கணக்கில் வரிசையிலே நின்றன. 2025ஆம் ஆண்டிலேயே வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், இருந்த லொறியைக் காப்பாற்றுவதன்றி எவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. கிடைத்த டீசலின் ஒவ்வொரு துளியும் முற்றாக எரியவேண்டுமாயின் எஞ்சின் நன்றாக மூச்சுவிட வேண்டும் என்பதை நெருக்கடி நினைவூட்டியது. 1970களின் தட்டுப்பாட்டிலே தந்தையர் கற்ற பாடத்தைப் பிள்ளைகளும் கற்றனர்.

பாதை வெட்டிய ஸ்கின்னரின் பெயர் நிலைத்திருக்கிறது. தேயிலை நட்ட டெய்லரின் பெயர் நிலைத்திருக்கிறது. எஞ்சின் செய்த டீசலின் பெயரோ எண்ணெய்க்கே பெயராகிவிட்டது. ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் தலவாக்கலையிலும் கராஜ்களின் எண்ணெய்த் தரையிலே மண்டியிட்டு, இறுகிப்போன உருளையைப் பொறுமையோடு அசைத்தசைத்துக் கழற்றிய கைகளின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. மலைநாட்டுத் தமிழ் இளைஞர்கள் பலருக்குக் கொழுந்து மலையை விட்டு வெளியேறக் கிடைத்த முதற் கைத்தொழில்களுள் லொறி ஓட்டுதலும் லொறி திருத்துதலும் இருந்தன. அவர்கள் எழுதி வைத்தது சிறிது. கையிலிருந்து கைக்குக் கொடுத்தது பெரிது. அந்தக் கைகள் முதுமையடைந்து ஓய்வதற்கு முன்னே, அவை அறிந்தவற்றைக் கேட்டு எழுதி வைப்பது மலைநாட்டுப் பள்ளிகள் மேற்கொள்ளத் தக்க ஒரு நற்பணி. தேயிலை விற்ற விலையின் கணக்கு எங்கும் கிடைக்கும். அதைச் சுமந்த வண்டி எதனால் ஓடியது என்னும் கணக்கு அந்தக் கைகளிடம் மட்டுமே உள்ளது.